அணுக்கரு ஏன் சிதைகிறது, எந்த வழியில் சிதைகிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஆல்ஃபா, பீட்டா, காமா என்று மூன்று வகைக் கதிரியக்கச் சிதைவைப் பள்ளியில் படித்திருக்கிறீர்கள். அதற்குமேல் படிக்கப்போனால் பாசிட்ரான் உமிழ்வு, எலெக்ட்ரான் கவர்தல், தன்னிச்சைப் பிளவு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அடிப்படை வகைகள் உண்மையில் எத்தனை, ஓர் அணு எந்த வழியில் சிதையும் என்பதை எது தீர்மானிக்கிறது, அணுக்கருவுக்குள் எலெக்ட்ரானே கிடையாது என்னும்போது பீட்டா எலெக்ட்ரான் எங்கிருந்து வருகிறது? இவைதான் நீங்கள் கேட்டவை.

பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு கருவுக்கு என்ன குறை இருக்கிறது என்று பாருங்கள். அது சிதையும் வழி பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும். குறைகள் மூன்றுதான். கரு அளவுக்கு மீறிப் பெருத்திருக்கலாம். அளவு சரியாக இருந்தும் புரோட்டான், நியூட்ரான் எண்ணிக்கைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருக்கலாம். இரண்டும் சரியாக இருந்தும் கரு ஆற்றல் மிகுந்து கிளர்ந்த நிலையில் இருக்கலாம். பெருத்த கரு ஒரு துண்டை வெளியே தள்ளுகிறது: ஆல்ஃபாவும் பிளவும் இந்த வகை. விகிதம் கெட்ட கரு தன் புரோட்டானை நியூட்ரானாகவோ நியூட்ரானைப் புரோட்டானாகவோ மாற்றிக்கொள்கிறது: பீட்டாக் குடும்பம் முழுவதும் இதில் அடக்கம். கிளர்ந்த கரு ஆற்றலை மட்டும் உமிழ்ந்து அடங்குகிறது: இது காமா.

பெயர்கள் குழப்புவதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1896-இல் பாரிஸில் ஆன்றி பெக்கரல் யுரேனிய உப்பைக் கறுப்புத் தாளில் சுற்றிய ஒளிப்படத் தகட்டின்மேல் வைத்திருந்தார். சூரிய ஒளி படாமலேயே தகடு கறுத்துப்போனதைக் கண்டார். 1899-இல் எர்னஸ்ட் ரதர்ஃபோர்டு அந்தக் கதிர்களில் இரண்டு வகை இருப்பதைப் பிரித்தறிந்து, எளிதில் தடுக்கப்படுவதற்கு ஆல்ஃபா என்றும் கூடுதலாக ஊடுருவுவதற்கு பீட்டா என்றும் பெயரிட்டார். அதைவிடவும் ஊடுருவும் மூன்றாவது கதிரை 1900-இல் பால் வில்லார்டு கண்டார். அதற்குக் காமா என்ற பெயர் பின்னால் வந்தது. அணுவுக்குக் கரு என்று ஒன்று இருப்பதே 1911 வரை யாருக்கும் தெரியாது. ஆக, இந்த மூன்று பெயர்களும் எவ்வளவு தூரம் துளைத்துப் போகிறது என்ற ஒரே அளவுகோலில் வைக்கப்பட்டவை. கருவுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. காகிதம், அலுமினியத் தகடு, ஈயக்கட்டி என்ற அந்தப் பாடப்புத்தகப் படம் சரியானதுதான். ஆனால் அதிலேயே நின்றுவிட்டால், ஏன் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது.

எந்தச் சிதைவுக்கும் முதல் நிபந்தனை வரவு செலவுக் கணக்கு. சிதைந்தபின் கிடைக்கும் துண்டுகளின் மொத்த நிறை, தாய் அணுவின் நிறையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். குறையும் நிறை ஆற்றலாக வெளிவரும். யுரேனியம் 238-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 238 என்பது அதன் கருவிலுள்ள புரோட்டான், நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கை, அதாவது நிறை எண். அதன் நிறை 238.0508 அணு நிறை அலகு. அது ஓர் ஆல்ஃபாவை, அதாவது ஹீலியம் 4-இன் கருவை, வெளியே விட்டால் மிஞ்சுவது தோரியம் 234. இரண்டின் நிறையையும் கூட்டுங்கள்: 234.0436 + 4.0026 = 238.0462. தாயைவிட 0.0046 அலகு குறைவு. அந்தச் சிறு வித்தியாசம்தான் ஏறத்தாழ 4.27 மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலாக வெளிப்படுகிறது. இப்போது அதே யுரேனியம் ஒரே ஒரு புரோட்டானை வெளியே விடுவதாக வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது புரோட்டாக்டினியம் 237. கூட்டுத்தொகை 237.0510 + 1.0078 = 238.0588. தாயைவிட அதிகம். கணக்கு இடிக்கிறது, ஆகவே அது நடக்காது.

பெரிய கருக்கள் புரோட்டானையோ நியூட்ரானையோ தனியாக விடாமல் ஏன் நான்கு துகள்கள் சேர்ந்த கட்டையே விடுகின்றன என்று பலர் கேட்பதுண்டு. விடை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் சேரும்போது மிக இறுக்கமாகப் பிணைகின்றன. அந்தப் பிணைப்பில் மட்டும் 28.3 மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் விடுபடுகிறது. வெளியேறுவதற்கு வேண்டிய செலவை அந்த வரவு ஈடுகட்டிவிடுகிறது.

சரி, கணக்கு ஒத்துவருகிறது என்றால் யுரேனியம் ஏன் உடனே சிதைந்துவிடவில்லை? அதன் அரை ஆயுட்காலம், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 447 கோடி ஆண்டுகள், கிட்டத்தட்ட பூமியின் வயது. ஆல்ஃபாச் சிதைவில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுதான். ஆல்ஃபாத் துகளைச் சுற்றி ஒரு மதில் இருக்கிறது. கருவுக்குள் வலுவான அணுக்கரு விசை அதை இழுத்துப் பிடிக்கிறது. கருவுக்கு வெளியே வந்துவிட்டால் மின்விசை அதை விரட்டியடிக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில் எழும் ஆற்றல் மதிலின் உயரம் ஆல்ஃபாவின் கையிலிருக்கும் ஆற்றலைப்போலப் பல மடங்கு. பழைய இயற்பியலின்படி அது என்றைக்கும் வெளியே வர முடியாது. 1928-இல் ஜார்ஜ் காமோவும், தனியாக ரொனால்டு கர்னி, எட்வர்டு காண்டன் இருவரும் விடையைக் கண்டார்கள். குவாண்டம் விதிகளின்படி ஒரு துகள் மதிலை ஏறிக் குதிக்க வேண்டியதில்லை. மிகமிகச் சிறிய வாய்ப்புடன் அதை ஊடுருவிக்கொண்டே வெளிப்பட முடியும். எளிய கணக்கில், கருவுக்குள் ஆல்ஃபா வினாடிக்குச் சுமார் 10²¹ தடவை மதிலில் மோதுகிறது. அப்படி மோதியும், யுரேனியம் 238 பாதியளவு சிதைய 447 கோடி ஆண்டுகள் பிடிக்கின்றன. வாய்ப்பு எவ்வளவு சிறியது என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆற்றல் சற்றே கூடினாலும் ஊடுருவும் வாய்ப்பு பன்மடங்கு கூடிவிடும். தோரியம் 232 ஆல்ஃபாவை விடும்போது கிடைக்கும் ஆற்றல் சுமார் 4.1 மெகா எலெக்ட்ரான் வோல்ட். அரை ஆயுட்காலம் 1,400 கோடி ஆண்டுகள். பொலோனியம் 212-க்கு ஆற்றல் சுமார் 8.95; அரை ஆயுட்காலம் 0.3 மைக்ரோ வினாடி. ஆற்றல் இரண்டு மடங்கைச் சற்றே தாண்டுகிறது, காலமோ 10²⁴ மடங்கு சுருங்குகிறது. இயற்பியலில் இவ்வளவு சிறிய காரணத்துக்கு இவ்வளவு பெரிய விளைவு வருவதை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை. மறுகோடியில் பிஸ்மத் 209 இருக்கிறது. நிலையான தனிமங்களில் கடைசி என்று நெடுங்காலம் அதைத்தான் சொல்லிவந்தார்கள். 2003-இல் அதுவும் ஆல்ஃபாவை விடுகிறது என்று அளந்து காட்டினார்கள். அரை ஆயுட்காலம் சுமார் 2 × 10¹⁹ ஆண்டுகள். பேரண்டத்தின் வயதைப்போல நூறு கோடி மடங்குக்கும் மேல்.

ஆல்ஃபா என்பது ஹீலியம்தான் என்பதை ரதர்ஃபோர்டும் தாமஸ் ராய்ட்ஸும் நிரூபித்த விதத்தை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. ரேடான் வாயுவை ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்தார்கள். அந்தக் கண்ணாடியின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு; வாயு கசியாது, ஆனால் ஆல்ஃபாத் துகள் துளைத்துக்கொண்டு வெளியே போய்விடும். அதைச் சுற்றி வெற்றிடமாக்கிய இன்னொரு குழாய். இரண்டு நாள் கழித்து வெளிக்குழாயில் சேர்ந்ததை மேலே ஒதுக்கி மின்னிறக்கம் செய்து பார்த்தபோது, நிறமாலையில் ஹீலியத்தின் மஞ்சள் கோடு தெரிந்தது. ஆறு நாளில் ஏறக்குறைய ஹீலியத்தின் முழு நிறமாலையும் தெரிந்தது. உள்குழாயில் வெறும் ஹீலியம் வாயுவையே நிரப்பினால் அது கசிந்து வருவதில்லை என்பதையும் சோதித்துக்கொண்டார்கள். துகளாகப் பாய்ந்து போனது மறுபக்கம் இரண்டு எலெக்ட்ரான்களைச் சேர்த்துக்கொண்டு சாதாரண வாயுவாகிவிட்டது. நிலத்தடி வாயுக் கிணறுகளிலிருந்து இன்றைக்கு எடுக்கும் ஹீலியமும் இப்படிப் பாறைக்குள் யுரேனியமும் தோரியமும் விட்ட ஆல்ஃபாக்களால் ஆனதுதான்.

இதை நேரில் பார்க்க விரும்பினால் முகில் அறையைப் போன்ற கருவி வேறில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஆல்கஹால் ஆவி, அடியில் உலர்பனி, நடுவே தோரியம் கலந்த டங்ஸ்டன் வெல்டிங் கம்பியின் ஒரு துண்டு. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக் காத்திருந்தால், கம்பியிலிருந்து திடீரென்று வெள்ளைக் கோடு ஒன்று சீறிப் புறப்படும். தடித்து, நேராக, சில சென்டிமீட்டர் நீண்டு, சட்டென்று நின்றுவிடும். அது ஆல்ஃபா. கனமான துகள், இரட்டை மின்சுமை, வழியெல்லாம் அணுக்களை அயனியாக்கி ஆற்றலைக் கொட்டிவிடுகிறது. நடுநடுவே நூலிழைபோல மெலிந்து, வளைந்து நெளிந்து, தட்டுத்தடுமாறிப் போகும் தடங்களும் தெரியும். அவை எலெக்ட்ரான்கள். நான் முதன்முறை இதைப் பார்த்தபோது, ஒவ்வொரு கோடும் ஒரேயொரு அணுக்கருவின் முடிவு என்ற நினைப்பே என்னை நெடுநேரம் அங்கேயே உட்கார வைத்துவிட்டது. ஆல்ஃபாவைக் காகிதம் தடுக்கும் என்பதற்கும், அதே ஆல்ஃபாவை விடும் பொருள் மூச்சோடோ உணவோடோ உடம்புக்குள் போனால் மிகவும் ஆபத்து என்பதற்கும் காரணம் அந்தத் தடித்த கோடுதான். வைத்திருக்கும் ஆற்றல் முழுவதையும் அது மிகச் சிறிய இடத்தில் இறக்கிவிடுகிறது.

இனி பீட்டா. உங்கள் மூன்றாவது கேள்வி இங்கேதான் வருகிறது.

மணியை அடித்தால் ஓசை எழுகிறது. அடிப்பதற்கு முன் ஓசை மணிக்குள் அடைபட்டுக் கிடக்கவில்லை. பீட்டா எலெக்ட்ரானும் அப்படித்தான். சிதையும் அந்தக் கணத்தில் அது பிறக்கிறது. கருவிலுள்ள ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிறது, கூடவே ஓர் எலெக்ட்ரானும் ஓர் எதிர்நியூட்ரினோவும் உண்டாகி வெளியேறுகின்றன. இன்னும் உள்ளே போய்ப் பார்த்தால், நியூட்ரானை ஆக்கும் குவார்க் என்ற இன்னும் சிறிய துகள்களில், கீழ் குவார்க் ஒன்று மேல் குவார்க்காக மாறுகிறது. இதைச் செய்விப்பது மென்விசை. துகள்களின் வகையையே மாற்றும் ஆற்றல் இயற்கையின் அடிப்படை விசைகளில் இதற்கு மட்டும்தான் உண்டு.

கார்பன் 14 நல்ல உதாரணம். 6 புரோட்டான், 8 நியூட்ரான். நியூட்ரான் அதிகம். ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறினால் 7, 7 என்று நைட்ரஜன் 14 ஆகிவிடுகிறது. நிறை எண் மாறவில்லை. அணு எண் ஒன்று கூடியிருக்கிறது. அரை ஆயுட்காலம் 5,730 ஆண்டுகள். விடுபடும் ஆற்றல் வெறும் 0.156 மெகா எலெக்ட்ரான் வோல்ட்.

கருவுக்கு வெளியே தனியாக விடப்பட்ட நியூட்ரான் சுமார் 10 நிமிட அரை ஆயுட்காலத்தில் சிதைந்துவிடும். அப்படியானால் கார்பன் 12-க்குள் இருக்கும் நியூட்ரான்கள் ஏன் சிதைவதில்லை? மறுபடியும் அதே வரவு செலவுக் கணக்குதான். அங்கே ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறினால் கிடைக்கும் நைட்ரஜன் 12, கார்பன் 12-ஐவிடக் கனமானது. வாங்க முடியாத விலை. எனவே அந்த நியூட்ரான் காலகாலத்துக்கும் அப்படியே இருக்கும். நியூட்ரான் நிலையானதா இல்லையா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்தக் கருவுக்குள் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

எதிர்நியூட்ரினோ எப்படி உள்ளே வந்தது என்பது இயற்பியல் வரலாற்றின் பெரும் நெருக்கடிகளில் ஒன்று. ஆல்ஃபாத் துகள்கள் ஒரு குறிப்பிட்ட கருவிலிருந்து குறிப்பிட்ட ஆற்றல்களோடுதான் வருகின்றன. பீட்டாவும் அப்படி இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். 1914-இல் ஜேம்ஸ் சாட்விக் அளந்தபோது, சுழியத்திலிருந்து ஓர் உச்சவரம்பு வரை எல்லா ஆற்றலிலும் எலெக்ட்ரான்கள் வந்தன. ஒரே மாதிரித் தாய், ஒரே மாதிரிச் சேய், ஆனால் எலெக்ட்ரானின் ஆற்றல் மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு. மீதி ஆற்றல் எங்கே போயிற்று? வெப்பமாக எங்காவது ஒளிந்திருக்குமோ என்று 1927-இல் எல்லிஸும் வூஸ்டரும் பிஸ்மத் 210-ஐ வெப்பமானிக்குள் வைத்து அளந்தார்கள். ஒரு சிதைவுக்குச் சராசரியாகச் சுமார் 0.34 மெகா எலெக்ட்ரான் வோல்ட்தான் கிடைத்தது; உச்சவரம்போ ஒன்றுக்கும் மேல். ஆற்றல் அழியாது என்ற விதியையே கைவிடலாமா என்று நீல்ஸ் போர் யோசிக்கும் அளவுக்கு நிலைமை போனது. 1930 டிசம்பரில் வோல்ஃப்காங் பவுலி ஒரு கடிதத்தில், மின்சுமையற்ற, மிக லேசான, கண்ணில் படாத ஒரு துகள் எலெக்ட்ரானோடு சேர்ந்து போய் ஆற்றலைப் பங்குபோட்டுக்கொள்கிறது என்று முன்மொழிந்தார். என்ரிக்கோ ஃபெர்மி அதை வைத்து பீட்டாச் சிதைவின் கோட்பாட்டை 1934-இல் வெளியிட்டார். அந்தத் துகளை கிளைடு கவனும் ஃபிரெடரிக் ரெயின்ஸும் அணு உலைக்கு அருகில் பிடித்துக் காட்டியபோது ஆண்டு 1956. காகிதத்தில் பிறந்த துகள் கருவியில் சிக்க 26 ஆண்டுகள் ஆயின.

நியூட்ரான் குறைவாக, புரோட்டான் அதிகமாக இருந்தால் எதிர்த்திசையில் மாற வேண்டும். கார்பன் 11-இல் 6 புரோட்டான், 5 நியூட்ரான். ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறி, ஒரு பாசிட்ரானும் (நேர் மின்சுமை கொண்ட எதிர் எலெக்ட்ரான்) ஒரு நியூட்ரினோவும் வெளியேற, போரான் 11 கிடைக்கிறது. அரை ஆயுட்காலம் 20 நிமிடம். ஒரே கார்பன்தான்; நியூட்ரான் கூடினால் ஒரு பக்கம் சரிகிறது, குறைந்தால் மறுபக்கம் சரிகிறது. 12-ம் 13-ம் நடுவே பள்ளத்தாக்கின் அடியில் நிலையாக நிற்கின்றன. இயற்பியலாளர்களும் அதை நிலைப்புப் பள்ளத்தாக்கு என்றே அழைக்கிறார்கள். பாசிட்ரான் வெளியே வந்ததும் அக்கம்பக்கத்து எலெக்ட்ரான் ஒன்றோடு சேர்ந்து இரண்டும் அழிகின்றன. 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கொண்ட இரண்டு ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், எதிரெதிர்த் திசையில் பறக்கின்றன. மருத்துவமனைகளில் எடுக்கும் பெட் ஸ்கேன் இந்த ஜோடியைத்தான் பிடிக்கிறது. அதற்குப் பெரும்பாலும் பயன்படும் ஃபுளோரின் 18-இன் அரை ஆயுட்காலம் 110 நிமிடம்.

பாசிட்ரானை உருவாக்குவதற்கு ஒரு குறைந்தபட்சக் கட்டணம் உண்டு. தாய் அணுவுக்கும் சேய் அணுவுக்கும் இடையே குறைந்தது 1.022 மெகா எலெக்ட்ரான் வோல்ட் வித்தியாசம் இருந்தாக வேண்டும். அவ்வளவு கையில் இல்லாத கரு என்ன செய்யும்? புதிதாக ஒன்றை உருவாக்காமல், தன் அணுவிலேயே உள்வட்டத்தில் சுற்றும் எலெக்ட்ரான் ஒன்றைப் பிடித்து விழுங்கிக்கொள்ளும். புரோட்டானும் அந்த எலெக்ட்ரானும் சேர்ந்து நியூட்ரானாகிவிட, நியூட்ரினோ மட்டும் வெளியேறும். இதுதான் எலெக்ட்ரான் கவர்தல். 1937-இல் லூயிஸ் ஆல்வாரெஸ் இதை வனேடியத்தில் கண்டார். பெரிலியம் 7-க்கும் லித்தியம் 7-க்கும் உள்ள வித்தியாசம் 0.862 மட்டுமே, ஆகவே பெரிலியம் 7-க்குப் பாசிட்ரான் வழி அடைபட்டது, கவர்தல் வழி மட்டும்தான் திறந்திருக்கிறது. வெளியே போகும் நியூட்ரினோ கருவிகளில் அகப்படுவதே அரிது. ஆனால் உள்வட்டத்தில் உண்டான காலியிடத்தை மேல்வட்ட எலெக்ட்ரான் நிரப்பும்போது வரும் எக்ஸ் கதிர் காட்டிக்கொடுத்துவிடும். கனமான அணுக்களில் அந்த எக்ஸ் கதிரை அளந்தாலே சேய்த் தனிமம் எது என்று சொல்லிவிடலாம்.

சிதைவு வேகத்தை வெப்பமோ அழுத்தமோ வேதிவினையோ மாற்றாது என்று படித்திருப்பீர்கள். பெரும்பாலும் அது சரி. ஆனால் எலெக்ட்ரானையே நம்பியிருக்கும் இந்த வழியில் அந்த விதி சற்று நெகிழ்கிறது. பெரிலியம் 7-இன் அரை ஆயுட்காலம் சுமார் 53 நாள். அது எந்தச் சேர்மத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மிகச் சிறிய அளவில் மாறுவதை அளந்திருக்கிறார்கள். அதன் எலெக்ட்ரான்கள் எல்லாவற்றையும் உரித்துவிட்டால் கவர்வதற்கு ஒன்றுமே இருக்காது, சிதைவே நின்றுவிடும். எதிர்ப்பக்க உதாரணம் ரீனியம் 187. முழு அணுவாக இருக்கும்போது அதன் அரை ஆயுட்காலம் 4,000 கோடி ஆண்டுகளுக்கும் மேல். 1990-களில் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் 75 எலெக்ட்ரான்களையும் நீக்கிவிட்டு அளந்தபோது அது சுமார் 33 ஆண்டுகளாகச் சுருங்கியது. பிறக்கும் எலெக்ட்ரான் வெளியே ஓட வேண்டியதில்லை, காலியாகக் கிடக்கும் உள்வட்டத்திலேயே குடியேறிவிடலாம் என்ற வசதி கிடைத்ததால் வந்த மாற்றம் அது.

பொட்டாசியம் 40 தனிக் கவனத்துக்கு உரியது. 19 புரோட்டான், 21 நியூட்ரான்; இரண்டும் ஒற்றைப்படை. அணுக்கருவுக்குள் துகள்கள் ஜோடி சேர விரும்புவதால் ஒற்றைக்கு ஒற்றை என்ற அமைப்பு அதற்கு ஏற்றதாக இல்லை. இருபுறமும் இரட்டைக்கு இரட்டை அமைந்த கால்சியம் 40-ம் ஆர்கான் 40-ம் இருக்கின்றன. ஆகவே அது இரண்டு பக்கமும் இறங்குகிறது: 100-இல் சுமார் 89 தடவை எலெக்ட்ரானை விட்டு கால்சியமாகிறது, சுமார் 11 தடவை எலெக்ட்ரானைக் கவர்ந்து ஆர்கானாகிறது. நாம் மூச்சுவிடும் காற்றில் கிட்டத்தட்ட 1 சதவீதம் ஆர்கான். அதில் மிகப் பெரும்பகுதி பூமிக்குள் இந்த வழியில் உண்டானது. நம் உடம்பிலும் பொட்டாசியம் இருக்கிறது. அதனால் வளர்ந்த ஒருவரின் உடம்புக்குள் வினாடிக்கு 4,000-க்கும் மேற்பட்ட பொட்டாசியம் 40 கருக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன. இப்போதும்தான்.

காமாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆல்ஃபாவோ பீட்டாவோ நடந்து முடிந்தபின் சேய்க்கரு பல சமயம் கிளர்ந்த நிலையில் பிறக்கிறது. அது அடங்கும்போது மிகை ஆற்றலை ஒரு ஃபோட்டானாக விடுகிறது. புரோட்டான் எண்ணிக்கையும் மாறாது, நியூட்ரான் எண்ணிக்கையும் மாறாது, தனிமம் அதேதான். அதனால் காமாவைச் சிதைவு என்று சொல்வதைவிட உமிழ்வு என்பதே பொருத்தம் என்பது என் கருத்து. சீசியம் 137 காமா விடுகிறது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். துல்லியமாகச் சொன்னால் சீசியம் விடுவது பீட்டா மட்டுமே. 100-இல் 94-க்குமேல் அது கிளர்ந்த பேரியம் 137 ஆகிறது, 2.55 நிமிட அரை ஆயுட்காலம் கொண்ட அந்தப் பேரியம்தான் 662 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் காமாவை விடுகிறது. அதிலும் ஒரு சிறு பங்கு ஃபோட்டானாக வராமல், ஆற்றலை நேரடியாக ஓர் உள்வட்ட எலெக்ட்ரானிடம் கொடுத்து அதை வெளியே தள்ளிவிடுகிறது. இதற்கு அகமாற்றம் என்று பெயர். பார்வைக்கு பீட்டா போலவே இருக்கும். ஆனால் இந்த எலெக்ட்ரான் அணுவில் ஏற்கெனவே இருந்தது, நியூட்ரினோவும் வராது. எனவே ஆற்றல் திட்டமான கோடாக இருக்கும். சில கருக்கள் கிளர்ந்த நிலையிலேயே நெடுநேரம் தங்கிவிடுகின்றன. டெக்னீசியம் 99-இன் அப்படிப்பட்ட நிலை 6 மணி நேர அரை ஆயுட்காலம் கொண்டது. நோயாளியின் உடலில் செலுத்திப் படமெடுக்கப் போதுமான நேரம், பிறகு விரைவில் மங்கிவிடும். அணு மருத்துவத்தில் அது இத்தனை பரவலாகப் பயன்படுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

மற்றவை அரியவை. தன்னிச்சைப் பிளவை 1940-இல் சோவியத் ஒன்றியத்தில் ஃபிளியோரோவும் பெட்ர்ஷாக்கும் யுரேனியத்தில் கண்டார்கள். யுரேனியம் 238-இல் சுமார் இருபது லட்சம் சிதைவுக்கு ஒன்றுதான் அப்படி நடக்கும். கலிஃபோர்னியம் 252-இல் 100-க்கு 3. தனிமம் கனமாக ஆக, இந்த வழி முக்கியமாகிறது. ஆல்ஃபாவுக்கும் பிளவுக்கும் நடுவே ஒன்று உண்டு: ரேடியம் 223 கார்பன் 14 கருவையே முழுதாக வெளியே தள்ளுவதை 1984-இல் ரோஸும் ஜோன்ஸும் ஆக்ஸ்ஃபோர்டில் அளந்தார்கள், ஏறத்தாழ நூறு கோடி ஆல்ஃபாவுக்கு ஒன்று. புரோட்டான் மிகமிக அதிகமான செயற்கைக் கருக்கள் புரோட்டானையே கசியவிடும். இரண்டு நியூட்ரான்கள் ஒரே நேரத்தில் மாறும் இரட்டை பீட்டாவும் உண்டு. அதன் அரை ஆயுட்காலங்கள் 10¹⁸ ஆண்டுக்கும் மேலே போகும். இவை எதுவும் நான் தொடக்கத்தில் சொன்ன மூன்று குறைகளுக்கு வெளியே போவதில்லை.

ஒரு சந்தேகம் மீதமிருக்கும்: குறிப்பிட்ட ஓர் அணு எப்போது சிதையும்? அதைச் சொல்லவே முடியாது. அணுவுக்கு முதுமை கிடையாது. நேற்று உருவான கார்பன் 14-க்கும் பத்தாயிரம் ஆண்டு தாக்குப்பிடித்த கார்பன் 14-க்கும் அடுத்த வினாடியில் சிதையும் வாய்ப்பு ஒன்றேதான். கோடிக்கணக்கில் சேரும்போதுதான் பாதி, அதில் பாதி என்ற ஒழுங்கு தெரிகிறது.

கடைசியாக, இவையெல்லாம் ஒன்றாக வேலை செய்வதைப் பாருங்கள். யுரேனியம் 238 படிப்படியாக ஈயம் 206 ஆகிறது. நிறை எண்ணைக் குறைப்பது ஆல்ஃபா மட்டுமே, ஒரு தடவைக்கு 4. குறைந்தது 32, ஆக, ஆல்ஃபா 8. எட்டு ஆல்ஃபாவும் 16 புரோட்டான்களைக் கொண்டுபோனால் 92-இலிருந்து 76-க்கு இறங்கியிருக்க வேண்டும். ஈயத்தின் அணு எண்ணோ 82. இடைவெளியை நிரப்ப 6 பீட்டா வேண்டும். நடுவில் பீட்டா ஏன் நுழைகிறது? கனமான கருக்களுக்கு நியூட்ரான் விகிதம் கூடுதலாகத் தேவை, லேசானவற்றுக்குக் குறைவாகப் போதும். ஆல்ஃபா இரண்டையும் சமமாக எடுத்துப் போவதால் மிஞ்சும் கருவில் நியூட்ரான் விகிதம் மேலும் கூடிவிடுகிறது. யுரேனியம் 238-இல் ஒரு புரோட்டானுக்கு 1.59 நியூட்ரான், அது ஆல்ஃபாவை விட்டு உண்டாகும் தோரியம் 234-இல் 1.60, ஈயம் 206-க்கு வேண்டியது வெறும் 1.51. ஆகவே தோரியம் 234 அடுத்ததாக பீட்டாவை விடுகிறது, அதன் சேயும் பீட்டாவையே விடுகிறது, பிறகு மறுபடி ஆல்ஃபா. இதே முறையில் தோரியம் 232 ஈயம் 208 ஆகும் தொடரை நீங்களே கணக்குப்போட்டுப் பாருங்கள். அணு எண்கள் 90-ம் 82-ம். ஆல்ஃபா 6, பீட்டா 4 என்று வந்தால் சரி.